கலைப் பிரிவுக்கு ஐம்பது கேபி

இரண்டாம் ஆண்டு பி.ஏ. வரலாறு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேரையும் வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பது கேபிக்குக் குறைத்து அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி எனக்குச் சுற்றறிக்கை வந்தது.

சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தெட்டுப் பேரைக் குறைக்க மூன்று நாள் எப்படிப் போதும்? தேதியைப் பற்றித்தான் கோபப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலிருந்தே நான் நியாயத்தின் பக்கம் நின்றவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கலைப் பிரிவு மாணவர்களுக்குக் கணினித் திறன் என்று ஒரு தாள் உண்டு. அதை நான் நடத்துகிறேன். லேபில் இருபது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஏழு வேலை செய்யும். மீதிப் பதிமூன்றின் முன்னால் மாணவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள்.

மௌஸைப் பிடிப்பது, ஃபோல்டரைத் திறப்பது, மெயில் அனுப்புவது, விண்ணப்பம் நிரப்புவது, படத்தைக் குறைத்து ஏற்றுவது. இதுதான் பாடம். முன்பெல்லாம் தேர்வு விண்ணப்பத்துக்கு மாணவரின் புகைப்படத்தைக் குறைத்து அனுப்பினால் போதும். புகைப்படத்தில் ஆள்மாறாட்டம் நடக்கிறது என்று சொல்லி, இந்த வருடம் மாணவரையே அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் தோன்றவில்லை. முறை அதேதான்.

வரலாறு மாணவர்கள் நன்றாகக் கேள்வி கேட்பார்கள். கன்ட்ரோல் இசட் அழுத்தினால் கடைசியாகச் செய்தது இல்லாமல் போகும் என்று நான் சொல்லிக்கொடுத்த அன்று அங்காளேஸ்வரி எழுந்து நின்றாள்.

“எவ்ளோ தூரம் மேடம் பின்னாடி போகும்?”

“இருபது தடவை.”

“பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் போகாதா மேடம்?”

“போகாது.”

“அப்ப எங்களுக்கு இதனால என்ன மேடம் பிரயோசனம்?”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்தால் பக்கத்து அறையில் பொருளியல் பாடம் நின்றுவிடும். நின்றது.

செவ்வாய் மதியம் குறைக்கும் வேலையைத் தொடங்கினோம். மாணவரின் வலது தோளை ஒருமுறை அழுத்தினால் அளவு தெரியும். பெரும்பாலும் மூன்று ஜிபி இருந்தார்கள். பத்தொன்பது வயதுக்கு அது சாதாரணம்.

“முதல்ல நிறத்தை எடுங்க,” என்றேன். “நிறம்தான் ரொம்ப இடம் பிடிக்கும்.”

பதினோரு பேர் அந்த மதியமே கறுப்பு வெள்ளை ஆனார்கள். பார்க்க நன்றாகவே இருந்தார்கள். ராஜபுஷ்பம் என்ற மாணவி மட்டும் தயங்கினாள். அடுத்த வாரம் அவள் அக்காவுக்குக் கல்யாணம். புடவை எடுத்தாகிவிட்டது.

“அரக்குக் கலரு மேடம்.”

“கறுப்பாத் தெரியும். பரவாயில்ல,” என்றேன்.

இப்படி நான் பேசியிருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை.

நிறம் போனதும் மற்றவற்றை எடுக்க வேண்டியிருந்தது. எதை எடுப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். பிரான்சிஸ் தன் அண்ணனோடு போட்ட சண்டையை எடுத்தான். அது மட்டும் எழுநூறு எம்பி. எடுத்த பிறகு அவனுக்குப் பேச ஒன்றும் இல்லை. இருளப்பசாமி தன் ஊருக்குப் போகும் பஸ் எண்ணை எடுத்தான். நாலு கேபி.

“சின்னச் சின்னதா எடுத்தா ஒண்ணும் தெரியல மேடம்,” என்றான்.

பிறகு பஸ் நிற்கும் இடத்தை எடுத்தான். பிறகு ஊரை எடுத்தான். அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். எல்லா பஸ்களையும் பொதுவாகப் பார்த்துக்கொண்டு நின்றான். என் பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

வியாழன் மதியத்துக்குள் முப்பத்தேழு பேர் முடிந்தார்கள். ஐம்பது கேபியில் ஒரு மாணவரின் உயரம் குறைவதில்லை. விளிம்புகள் மங்கும். எடை போய்விடும். ஃபேனைப் போட முடியவில்லை. ஜன்னல்களைச் சாத்தி வைத்தோம். வருகைப் பதிவு எடுப்பதும் சிரமமானது. முகங்கள் ஒன்றுபோல் இருந்ததால் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். குரலையும் எடுத்துவிட்டவர்களுக்கு ஆப்சென்ட் போட்டேன்.

மீதி இருந்தவள் அங்காளேஸ்வரி. அவள் தோளை அழுத்தினேன். நாலு புள்ளி மூன்று ஜிபி.

“என்னம்மா இது? வகுப்பிலேயே நீதான் அதிகம்.”

“வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க மேடம்.”

“நிறத்தை எடு.”

“மாட்டேன்.”

“சரி, சிரிப்பை எடு. அதுவே அறுநூறு எம்பி இருக்கு.”

“அத எடுத்துட்டா ஹால் டிக்கெட்டுல யாரு மேடம் வருவா?”

“நீதான் வருவ.”

“நான் எப்படி மேடம்?”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல். நேரம் மூன்று மணி ஆகியிருந்தது. முப்பத்தேழு பேர் சொன்னபடி கேட்டிருந்தார்கள்.

“மத்தவங்க எல்லாம் பண்ணலையா?” என்றேன்.

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“இருளப்பா,” என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை. பெயரில் பாதியை எடுத்திருந்தான்.

“சாமி,” என்றாள்.

திரும்பினான்.

“உங்க ஊரு எதுடா?”

“ஊரா?” என்றான். அந்தச் சொல்லை இதற்கு முன் எங்கோ கேட்டது போல, மரியாதையாக யோசித்தான்.

நான் அவன் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் இசட் அழுத்தினேன். அவன் எழுந்து பின்பக்கமாக ஓர் அடி வைத்தான். மறுபடி அழுத்தினேன். இன்னோர் அடி. இருபதாவது அடியில் கதவருகே போய் நின்றான். அதற்குமேல் நகரவில்லை. ஊரை அவன் அதற்கெல்லாம் முன்பே எடுத்திருந்தான்.

அவனைப் பழையபடி பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் கட்டம் கட்டமாக வந்தது. மூக்கு ஒரு கட்டம். வாய் இரண்டு கட்டம்.

“வலிக்குதாப்பா?”

“தெரியல மேடம்,” என்று இரண்டு கட்டமும் சேர்ந்து சொன்னது.

மறுபடி குறைத்தேன். நீக்கியதெல்லாம் குப்பைத்தொட்டியில் கிடக்குமே என்று லேப் அட்டெண்டரிடம் ஓடினேன்.

“மதியமே நகராட்சி வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருச்சு மேடம்,” என்றார்.

“எதுல போட்டீங்க?”

“மக்கும் குப்பைலதான் போட்டேன்.”

அவர் சரியாகப் பிரித்துப் போட்டதற்காக நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தார். அப்போதுதான் என் கோபம் தேதியை விட்டு நகர்ந்தது.

“வா,” என்று அங்காளேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டேன்.

அலுவலகம் லேபிலிருந்து நாலாவது அறை. அன்று வராந்தா நீண்டிருந்தது. தேர்வு நெருங்கும்போது அது நீளும். பொருளியல் துறையைத் தாண்டவே இருபது நிமிடம் ஆனது. எதிர்ப்பக்கத்தில் வேதியியல் துறையின் வராந்தா வழக்கமான அளவிலேயே இருந்தது. அங்கே ஒருவர் நாலே எட்டில் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பியதைப் பார்த்தோம். அங்காளேஸ்வரி டிபன் பாக்ஸைத் திறந்தாள். நடந்துகொண்டே ஆளுக்கு ஓர் இட்லி சாப்பிட்டோம்.

அலுவலகச் சுவரில் ஓர் அரைவட்ட ஓட்டை இருக்கிறது. அதற்குமேல் ‘போர்ட்டல்’ என்று எழுதியிருக்கும். ஓட்டைக்கு அந்தப் பக்கம் சூப்பரண்டு ஞானதுரை உட்கார்ந்திருப்பார். போர்ட்டல் பத்தரைக்குத் திறந்து நாலு மணிக்கு மூடும். நாங்கள் போனபோது நாலுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

“சார், இந்தப் பொண்ணை முழுசா அனுப்பணும்,” என்றேன்.

“முழுசான்னா?”

“நாலு புள்ளி மூணு ஜிபி.”

அவர் ஓட்டை வழியாக அவளைத் துண்டு துண்டாகப் பார்த்தார். “எந்த டிபார்ட்மெண்ட்?”

“ஹிஸ்டரி.”

“ஹிஸ்டரிக்கு எதுக்கு மேடம் அவ்ளோ?”

“கெமிஸ்ட்ரிக்கு எவ்ளோ சார்?” என்று அங்காளேஸ்வரி கேட்டாள்.

“அவங்களுக்கு ரெண்டு எம்பி.”

“காமர்ஸுக்கு?”

“நூறு கேபி. பேங்க் வேலைக்குப் போறவங்க.”

“எங்களுக்கு மட்டும் ஏன் சார் ஐம்பது?”

“நீங்க என்னம்மா பண்ணப்போறீங்க?”

அவர் அவமானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதிலுக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“விதிவிலக்கு குடுங்க சார்,” என்றேன்.

“குடுக்கலாம். முழு அளவுச் சான்றிதழ் வேணும். இவங்க முழுசா இருக்காங்கன்னு ஒருத்தர் அளந்து கையெழுத்துப் போடணும்.”

“நான்தான் அளந்தேன்.”

“நீங்க கௌரவம் மேடம். கௌரவம் அளக்க முடியாது. நிரந்தரம்தான் அளக்கணும்.”

“நிரந்தரம் யாரு இருக்கா?”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். நிறையப் பக்கங்களைப் புரட்டினார்.

“பிரின்சிபால் இருக்காரு,” என்றார்.

முதல்வர் அறை பக்கத்திலேயே இருந்தது. முதல்வர் இருபது கேபி. பல்கலைக்கழகக் கூட்டங்களுக்கு அடிக்கடி போய்வருகிறவர். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் போவார். நாற்காலியில் ஒரு சபாரி சட்டை இருந்தது. அதன்மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன்.

“நல்லது,” என்றார் முதல்வர்.

“முப்பத்தேழு பேர் வீணாப் போயிட்டாங்க சார்.”

“நல்லது, நல்லது.”

“நல்லது இல்ல சார்,” என்றேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முதல்வரிடம் அப்படிச் சொன்னேன். அவர் வேறொரு சொல்லைத் தேடினார். வெளிச்சம் இங்கும் அங்கும் அலைந்தது. தேடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நான் உதவவில்லை.

“சர்வர்,” என்றார் கடைசியில். “சர்வர் தாங்காது.”

வெளியே ஞானதுரை போர்ட்டலைச் சாத்திக்கொண்டிருந்தார். “அதான் மேடம். எல்லாம் சர்வருக்காகத்தான். அவரால ஐம்பதுக்கு மேல தூக்க முடியாது. போதாததுக்கு சர்வர் டவுனு வேற.”

அங்காளேஸ்வரி என்னைப் பார்த்தாள். “சர்வரை நம்ம போயிப் பாத்தா என்ன மேடம்?”

இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றியதில்லை. நானும்தான் எல்லாரிடமும் சர்வர் டவுன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போனோம்.

எங்கள் கல்லூரி சர்வரின் பெயர் மூக்கையா. முன்பு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இருந்தார். ஒரே கையில் ஏழு தோசைத் தட்டுகளை எடுத்துவருவதைப் பார்த்துக் கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. பதினோரு வருடம் ஆகிறது. மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது அவர் வேலை.

சர்வர் அறைக் கதவில் ‘டவுன்’ என்று ஓர் அட்டை தொங்கியது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மூக்கையா குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து மேசையைத் துணியால் ஒரு வீசு வீசித் துடைத்தார்.

“என்ன சாப்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “சொல்லுங்க டீச்சர்.”

“நீங்க டவுன்னு வெளிய போட்டிருக்கே?”

“நான் எங்க டீச்சர் டவுனு? நல்லாத்தான உக்காந்துருக்கேன். அவுகளா எழுதி மாட்டிட்டுப் போயிட்டாக.”

“இவ்ளோ குளிர்ல எப்படிண்ணே இருக்கீங்க?” என்றாள் அங்காளேஸ்வரி.

“சர்வருக்கு ஏசி கட்டாயமாம் தாயி. பதினோரு வருசமாச் சளி.”

“ஐம்பது கேபிக்கு மேல நீங்க தூக்க மாட்டீங்கன்னு சொல்றாங்க,” என்றேன்.

மூக்கையா குல்லாவைக் கழற்றினார். காதுகள் சிவந்திருந்தன.

“யாரு சொன்னா?”

“ஆபீஸ்ல.”

“என்னையக் கேட்டாகளா?”

“இல்ல,” என்றேன்.

“ஏழு தோசை, மூணு காப்பி, ஒரு சாம்பார் வாளி. ஒரே நடைல கொண்டாந்தவன் டீச்சர் நான். முகூர்த்த நாள்ல கேளுங்க, தெருவே சொல்லும். என்னைய ஐம்பதுன்னுட்டாகளா?” துணியைத் தோளில் போட்டார். “வருசா வருசம் பிள்ளைகள வாழை இலைக் கட்டு மாதிரி கைல குடுப்பாக. காத்தா இருக்கும். படிக்கிற பிள்ளைக, நேரத்துக்குச் சாப்பிடாதுக போலன்னு நானா நெனச்சுக்கிட்டேன் டீச்சர்.”

அவர் இடது கையை நீட்டினார். “வா தாயி.”

அங்காளேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். நாலு புள்ளி மூன்று ஜிபி. அவர் நிமிர்ந்தார். ஒருமுறை கையை ஆட்டிப் பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்றார்.

முப்பத்தேழு பேரை நான் என் கையால் குறைத்திருக்கிறேன். ஒரு கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் போதும்.

அவர் வலது கையில் லேபிலிருந்த முப்பத்தேழு பேரையும் அடுக்கி வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். ஞானதுரை ஓடிவந்தார்.

“போர்ட்டல் இன்னும் திறக்கல! பத்தரைக்குத்தான் திறக்கும்!”

“ஆறிப்போகும் சார். வழிய விடுங்க,” என்றார் மூக்கையா.

ஞானதுரை சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஹோட்டலில் கேட்டுப் பழக்கப்பட்ட குரலுக்கு உடம்பு தானாக ஒதுங்கும். மூக்கையா கேட்டைத் தாண்டி பைபாஸ் சாலையில் திரும்பினார். அங்காளேஸ்வரி மேலிருந்து வண்டிகளுக்குக் கைகாட்டிக்கொண்டே போனாள்.

மூன்று மணிக்கு முப்பத்தெட்டுப் பேரோடும் மூக்கையா திரும்பிவந்தார். கையில் ரசீது இருந்தது. முப்பத்தெட்டு கிடைத்தது என்று எழுதியிருந்தது.

“அளவு கேக்கலையா?” என்றேன்.

“மேசைல வைன்னாக. வச்சேன்,” என்றார் மூக்கையா. “ஒருத்தரும் நிமிந்துகூடப் பாக்கல.”

ரசீதை எடுத்துக்கொண்டு போர்ட்டலுக்குப் போனேன். வராந்தா இன்னும் நீண்டுதான் இருந்தது. நான் வேகமாக நடந்தேன்.

“அந்த ஐம்பது எங்கேயிருந்து வந்துச்சு சார்?”

ஞானதுரை ஒரு பழைய கோப்பை எடுத்துத் தூசி தட்டினார். அவர் நேர்மையான மனிதர். இதையும் சொல்ல வேண்டும்.

“எனக்கு முன்னாடி இருந்த சூப்பரண்டு எழுதினது மேடம். அந்த வருசம் வந்த கவர் சின்னதா இருந்திருக்கு.”

“கவரா?”

“ஆமா. போட்டு ஒட்டுறதுக்கு.”

“இப்ப இருக்கிற கவர்?”

“பெருசு. ஆளே போகலாம். ஆனா விதி சின்னக் கவருக்குப் போட்டது.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. வேதியியல் துறையில் குடுவைகள் அதிர்ந்ததாகப் பிறகு புகார் வந்தது. ஞானதுரை காதைப் பொத்திக்கொள்ளாமல் கடைசிவரை கேட்டார். பிறகு எனக்கு ஒரு மெமோ எழுதினார். எழுதி என்னிடமே நீட்டினார்.

செல்வநாயகி (கௌரவம்) போர்ட்டலுக்குள் கத்தியது குறித்து விளக்கம் தர வேண்டும். விளக்கம் பத்துச் சொற்களைத் தாண்டக் கூடாது.

அங்கேயே நின்று எழுதினேன். ‘முப்பத்தேழு பேரைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு நான் கத்துவதை நிறுத்துவதைப் பற்றி யோசிக்கிறேன்.’

ஞானதுரை விரல் விட்டு எண்ணினார். பத்து இருந்தது. வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கணினித் திறன் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தேர்வு அறையைக் கண்காணிக்கும் வேலையைத் தந்தார்கள். அது தண்டனை என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

கணினித் திறன் தேர்வு பேனாவால் எழுதப்படுவது. அதற்கு அறை எண் பன்னிரண்டு. முப்பத்தேழு ஹால் டிக்கெட்டுகள் தபால்தலை அளவில் வந்திருந்தன. அங்காளேஸ்வரியின் ஹால் டிக்கெட் நாற்பது பக்கம். நாற்பதையும் சரிபார்த்து உள்ளே விட்டேன்.

பத்து மணிக்குக் கேள்வித்தாளைக் கொடுத்தேன். நான் நடத்திய பாடம்தான். நான் வரிசையாகப் போய்வந்தேன். அவர்கள் மெல்ல எழுதினார்கள். ஒரு வரி எழுதிவிட்டு நீண்ட நேரம் பேனாவைப் பார்த்தார்கள். ஐந்தாவது கேள்வி, படிவம் நிரப்புதல். ‘உங்களைப் பற்றி எழுதுக.’ அதற்கு ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் முப்பத்தேழு பேரும் ஒன்றும் எழுதாமல் தாண்டிப் போனார்கள்.

அங்காளேஸ்வரி கை தூக்கினாள்.

“மேடம், அஞ்சாவது கேள்வி.”

“என்ன?”

“‘உங்களைப் பற்றி’ன்னா என்னை மட்டுமா மேடம்? எல்லாரையுமா?”

“உன்னைத்தான்.”

“என்னை மட்டும்னா ‘உன்னைப் பற்றி’ன்னுதான வரும்?”

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். பன்மைதான். மரியாதைக்காகப் போட்ட பன்மை. ஆனால் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்த மாணவர்களுக்கு மரியாதை கொடுப்பதாக எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. ஆகவே அது பன்மையாகத்தான் இருக்க வேண்டும்.

“எல்லாரையும் பத்தி எழுது,” என்றேன்.

“அப்ப அடிஷனல் ஷீட் வேணும் மேடம்.”

கொடுத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி கை தூக்கினாள். மறுபடி கொடுத்தேன். அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவள். தேர்வு அறையில் அதைத் தடுக்க வேண்டும். நான் ஜன்னலோரமாகப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பிரான்சிஸ். சைக்கிள் செயின் கழண்டா யாரையும் தொட விடமாட்டான். கையெல்லாம் மையோட வந்து முதல் பெஞ்சுல உக்காருவான்…”

காகிதம் புரண்டது.

“ராஜபுஷ்பம். அசோகர் படம் வரையச் சொன்னா தாத்தா மாதிரி வரைவா. கேட்டா, எங்க தாத்தாவும் நல்லவருதான்னு சொல்லுவா…”

அவர்கள் நீக்கியவை அல்ல இவை. இவள் பார்த்து வைத்திருந்தவை.

“இருளப்பசாமி. மேப்ல கங்கையத் தப்பா வரைஞ்சுட்டு, தண்ணி எந்தப் பக்கம் வேணா போகும்னு சார்கிட்ட ஒரு மணி நேரம் சண்டை போட்டவன்…”

எனக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

திரும்பினேன். இருளப்பசாமி உட்கார்ந்திருந்த பெஞ்சு. காலையிலிருந்து அந்த பெஞ்சு ஒரு சத்தமும் போட்டிருக்கவில்லை. அவன் ஐந்தாவது கேள்விக்குத் திரும்பிப் போயிருந்தான். கட்டம் நிரம்பிவிட்டிருந்தது. ஓரங்களிலும் எழுதியிருந்தான்.

கையைத் தூக்கினான்.

“அடிஷனல் மேடம்.”

“எதுக்குப்பா?”

“கங்கை கீழேருந்து மேல போனாத்தான் தப்பு மேடம். நான் சரியாத்தான் வரைஞ்சேன். இடம் பத்தல.”

கொடுத்தேன். அடுத்த வரிசையில் இன்னொரு பெஞ்சு கிரீச்சிட்டது. பிறகு கதவோரத்தில் ஒன்று. ராஜபுஷ்பம் எழுந்து நின்று, தான் வரைந்தது தாத்தா இல்லை, அசோகரேதான் என்றாள். ஆப்சென்ட் போடப்பட்டிருந்த ஒருவன் தொண்டையைச் செருமினான். நான் மேசைக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஞானதுரை வாசலில் வந்து நின்றார்.

“மேடம், கலைப் பிரிவுக்கு அடிஷனல் கிடையாது. ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம்தான்.”

“யாரு எழுதினது சார்?”

“விதி மேடம்.”

“எந்த வருசம் பேப்பர் சின்னதா வந்துச்சு?”

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர் என்று சொன்னேனே. பார்த்துச் சொல்வதற்காகக் கோப்பை எடுக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.

ஒரு மணிக்கு மணி அடித்தது. யாரும் பேனாவை வைக்கவில்லை.

கதவைத் தட்டினார்கள். ஒருவர் அல்ல, பல பேர். முதல்வரும் வந்திருக்க வேண்டும். கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

“மேடம், டைம் ஆயிருச்சு!” என்றார் ஞானதுரை.

“ஆகட்டும் சார்,” என்றேன்.

புதுக் காகிதக் கட்டைப் பிரித்தேன்.